இரக்கம் போதுமா என்று கேட்ட மாணவிக்கு

அன்புள்ள மாணவிக்கு,

சமூகத் தொழில்முனைவில், அதாவது ஒரு சமூகச் சிக்கலைத் தீர்ப்பதற்காகவே நிறுவனம் தொடங்கும் வேலையில், இறங்க நினைப்பது உண்மையான அக்கறையாலா, இல்லை, வேலைக்கான விண்ணப்பத்தில் ஒரு வரி கூடுமே என்பதற்காகவா என்று உனக்கே சந்தேகமாக இருப்பதாக எழுதியிருந்தாய். இரண்டும் கலந்துதான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். மாசற்ற நோக்கம் வரட்டும் என்று காத்திருந்தால் பட்டமளிப்பு விழாவே முடிந்துவிடும்.

இந்த ஆசையின் வேரைத் தேடியவர்கள் உண்டு. ஜொஹானா மைர், எர்னஸ்டோ நோபோவா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2006இல் நான்கைச் சொன்னார்கள்: பரிவு, அறவுணர்வு, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, தோள்கொடுக்க ஆள் இருப்பது. 2017இல் வெளியான காய் ஹோக்கர்ட்ஸின் ஆய்வில் இவற்றில் முந்தி நின்றது பரிவு அல்ல, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை. சமூகச் சிக்கல் ஒன்றோடு முன்பே பழகியிருந்தவர்களிடம் அது கூடுதலாக இருந்தது.

எனக்கு இதில் வியப்பில்லை. வகுப்பில் கண்கலங்கியவர்கள் பலரை அடுத்த வாரமே வேறு கவலைகளோடு பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லவில்லை. எங்கே கைவைப்பது என்று தெரியாத இரக்கம் சீக்கிரம் களைத்துவிடும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2007இல் ஒரு மாணவர் குழுவுக்கு, குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் இன்குபேட்டரை மலிவாக வடிவமைக்கும் வகுப்புப் பணி கிடைத்தது. மதிப்பெண்ணுக்கான வேலைதான். குழுவில் ஒருவர் நேபாளத்துக்குப் போனார். அங்கே மருத்துவமனையில் நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. குழந்தைகள் பிறந்ததோ தொலைதூரக் கிராமங்களில். ஆக, சிக்கல் கருவியின் விலை மட்டுமல்ல என்று புரிந்தது. கிராமத்திலேயே பயன்படும்படி, சின்னத் தூக்கப்பை போன்ற ஒன்றை உருவாக்கினார்கள். உள்ளே மெழுகு போன்ற ஒரு பொருள். ஒருமுறை சூடேற்றினால் சில மணி நேரம் 37 டிகிரி வெப்பத்தைக் காக்கும். வகுப்பு முடிந்தும் அவர்களால் அதை விட முடியவில்லை. 'எம்ப்ரேஸ்' நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. அந்தக் காலிப் பெட்டிகளை நேரில் பார்க்காமல் இருந்திருந்தால், நல்ல மதிப்பெண்ணோடு கதை முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

வீட்டில் ஒப்புக்கொள்வார்களா என்றும் கேட்டிருந்தாய். உடனே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கூட வேலை செய்ய இரண்டு நண்பர்கள் இருந்தால் இப்போதைக்குப் போதும்.

பார்வையற்ற மாணவர்களுக்காக நீ எழுதிய பதினான்கு பக்கத் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். செலவுக் கணக்கு கச்சிதம். ஆனால் அத்தனை பக்கங்களிலும் அந்த மாணவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அவர்களோடு இதுவரை எத்தனை நாள் இருந்திருக்கிறாய்? பதில் எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்