நேற்றால் வந்த வினை

அன்புள்ள கோமதி,

உன் கடிதமும் நார்த்தங்காய் ஊறுகாயும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. ஊறுகாயை அன்றைக்கே திறந்தாயிற்று, பதில் எழுதத்தான் பத்து நாளாகிவிட்டது. எனக்கு முழங்கால் வலி, அப்புறம் இவருக்குக் கண்புரை ஆபரேஷன். இப்போது பேப்பரைப் பிரித்ததும் பழையபடி அரசியல்வாதிகளைத் திட்டுகிறார். பார்வை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

சரி, உன் பேரன் விஷயம். 'ஐ ஹாவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்று எழுதி மார்க் போனது, 'நேற்று பார்த்திருக்கிறேன்' என்பதைத்தானே எழுதினான், இதில் என்ன தப்பு என்று கேட்டிருக்கிறாய். தப்புதான். ஆனால் அவனைத் திட்டாதே. முப்பது வருடம் இதே வாக்கியத்தைச் சிவப்பு மையால் அடித்தவள் நான். ரிடையராகி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, பிள்ளைகள் தமிழை நம்பித்தான் விழுகிறார்கள் என்று. 'நேற்றே ஊருக்கு வந்திருக்கிறான், ஒரு வார்த்தை சொல்லவில்லை பார்' என்று நாம் பேசுகிறோமே! நம் 'இருக்கிறான்' நேற்றோடு ஒத்துப்போகும். ஆங்கில ஹாவ் ஒத்துப்போகாது. முடிந்துபோன ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் 'ஐ சா ஹிம்' என்று சாதாரண இறந்தகாலம்தான். எஸ்டர்டேயை எடுத்துவிடச் சொல், மீதி அப்படியே சரி.

ஹாவ் போட்டு எழுதும் இந்த 'பிரசன்ட் பெர்ஃபெக்ட்' அமைப்பு அவனுக்குத் தெரிந்திருக்கிறது, அதற்காகவாவது தட்டிக்கொடு. ஐ, யூ, வீ, தே என்றால் ஹாவ். ஹி, ஷி, இட் என்றால் ஹாஸ். பின்னால் வினையின் மூன்றாம் வடிவம். 'நாட்' வந்தால் இரண்டுக்கும் நடுவில் உட்காரும், கேள்வி என்றால் ஹாவ் முன்னால் போய்விடும். வாக், வாக்ட், வாக்ட் போன்ற சாதுக்களால் தொந்தரவு இல்லை. கோ, வென்ட், கான் மாதிரி முரடர்களிடம்தான் 'ஹாஸ் வென்ட்' என்று மாட்டிக்கொள்வார்கள். கம், கேம் என்று போய் மறுபடி கம் என்றே திரும்பும். புட் மூன்று இடத்திலும் புட்டேதான். வாய்ப்பாடு போல உரக்கச் சொல்லிப் பழகுவதைத் தவிர வேறு குறுக்குவழி எனக்குத் தெரியாது.

'ஹாவ் என்றால் வைத்திருப்பது, அது இங்கே எதற்குப் பாட்டி' என்று கேட்டானாமே, கெட்டிக்காரன். வந்த வழியே அதுதான். பழைய ஆங்கிலத்தில் 'கடிதத்தை எழுதி முடித்ததாக வைத்திருக்கிறேன்' என்கிற தோரணையில் பேசியது, நாளாவட்டத்தில் 'எழுதியிருக்கிறேன்' என்று தேய்ந்தது. அந்தப் பழைய வாசனை இன்னும் போகவில்லை. 'ஐ ஹாவ் லாஸ்ட் மை கீ' என்றால் சாவி இன்னும் கிடைக்கவில்லை, வாசலிலேயே நிற்கிறேன். 'ஐ லாஸ்ட் மை கீ எஸ்டர்டே' என்றால் நேற்று தொலைந்தது, இதற்குள் கிடைத்திருந்தாலும் இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவை. 'பத்து வருடமாக இந்த வீட்டில் இருக்கிறோம்' என்பதை அவன் 'வீ ஆர்' என்றுதான் தொடங்குவான். அங்கே 'வீ ஹாவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்று வர வேண்டும். நாம் நிகழ்காலத்தில் சொல்வதற்கு அவர்களுக்கு ஹாவ் தேவைப்படுகிறது. நேற்றில் வேண்டாத இடத்தில் போட்டான், இங்கே வேண்டிய இடத்தில் விட்டுவிடுவான். இரண்டுக்கும் தமிழ்தான் காரணம், பாவம் அவன் என்ன செய்வான்!

இவர் மதுரைக்குப் போயிருக்கிறார். போய்விட்டுத் திரும்பிவிட்டாரா, இன்னும் அங்கேதானா என்று இந்தத் தமிழை வைத்து நீ கண்டுபிடிக்க முடியாது. முதலாவதென்றால் 'ஹாஸ் பீன்', இரண்டாவதென்றால் 'ஹாஸ் கான்'. இவர் ஹாஸ் கான். வந்ததும் கண் டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுகிறேன். ஊறுகாய் பாதி பாட்டிலுக்கு வந்துவிட்டது, அடுத்த முறை உப்பைக் கொஞ்சம் குறைத்துப் போடு.

உன்
சரோஜா