நடு டிஃபரன்ஷியலைத் திறந்த மகளுக்கு

அன்புள்ள அம்மிணி,

நீ அனுப்பிய படங்களைப் பட்டறைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். ரிமோட்டில் ஓடும், எட்டில் ஒரு பங்கு அளவு பக்கி பொம்மைக் காரைப் பழையதாக வாங்கியது நல்ல முடிவு. வாங்கிய கையோடு முன், நடு, பின் என்று மூன்று டிஃபரன்ஷியலையும் (சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டிகள்) பிரித்துப் போட்டது அதைவிட நல்ல முடிவு. ஆனால் கேள்வியை மட்டும் தலைகீழாகக் கேட்டிருக்கிறாய். முடுக்கியதும் முன்சக்கரங்கள் மட்டும் அலறிச் சுற்றுகின்றன, வண்டி முன்னேற மறுக்கிறது, ஆகவே முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் இருக்கும் பெட்டியில் பத்தாயிரம் எண்ணெயை எடுத்துவிட்டு, அதைவிடத் தடித்த இருபதாயிரம் ஊற்றட்டுமா என்கிறாய். நடுவில் பத்தாயிரம் இருக்கிறது என்று உனக்கு யார் சொன்னது? விற்றவர் சொன்னார். அவர் ஊற்றிய நாளில் அது பத்தாயிரமாக இருந்திருக்கும். உன் படத்தில் பெட்டிக்குள் தெரிவது கறுத்த மசி. பாதிக்கு மேல் காலி. ஒரு பக்கத் தண்டின் கழுத்தில் ஈரம் மின்னுகிறது, அதில் மண்ணும் ஒட்டியிருக்கிறது. எண்ணெய் போன வழி அதுதான். அந்தக் கழுத்தைச் சரிசெய்யாமல் இருபதாயிரம் ஊற்றினால் அதுவும் அதே வழியில்தான் போகும், கொஞ்சம் மெதுவாக.

அடிப்படையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். கிணத்துக்கடவுத் தோட்டத்தில் அப்பாருவின் டிராக்டர் சேற்றில் மாட்டி, ஒரு பின்சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றும். மற்றது அசையாது. டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் பிரித்துக் கொடுக்கும். ஒரு சக்கரத்துக்குப் பிடி இல்லையென்றால், பிடி இருக்கிற சக்கரத்துக்கும் அந்த அற்ப விசைதான் கிடைக்கும். அதனால்தான் அப்பாரு அந்தப் பூட்டுப் பெடலை மிதிப்பார். இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், வண்டி மேலேறிவிடும். பெடலை விடாமல் மேட்டில் திருப்பினாலோ, டிராக்டர் திரும்ப மாட்டேன் என்று நேரே போகும். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் பார்த்த கார்ட் வண்டிகளுக்கு இந்தப் பூட்டு நிரந்தரம். பின்னச்சு ஒரே தண்டு, டிஃபரன்ஷியலே கிடையாது. வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பினால்தான் அது ஒழுங்காகத் திரும்பும்.

உன் பெட்டிக்குள் ஊற்றும் சிலிக்கான் எண்ணெய், முழுப் பூட்டுக்கும் முழு விடுதலைக்கும் நடுவே ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளும் வழி. இரண்டு தண்டுகளும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற முயலும்போது உள்ளே பல்சக்கரங்கள் எண்ணெயைக் கலக்க வேண்டியிருக்கிறது. எண்ணெய் தடித்தால் பூட்டுப் பக்கம், மெலிந்தால் விடுதலைப் பக்கம். அதனால் நடுப்பெட்டி காலியானால் சுழற்சியெல்லாம் பாரம் குறைந்த முன்சக்கரங்களுக்கு ஓடிவிடும். நீ கேட்ட அலறல் அதுதான்.

மண் தடத்துக்கு முன்னே ஐயாயிரம், நடுவில் ஏழாயிரம், பின்னே மூவாயிரம் என்பது பலரும் தொடங்குகிற அளவு. நீயும் அங்கிருந்தே தொடங்கு. பிறகு ஒரு நேரத்தில் ஒரு பெட்டியை மட்டும் மாற்று. நடுவில் தடித்தால் நேர்ப்பாதையில் வண்டி பாய்ந்து போகும். பிடி நல்ல, சமமான தடத்துக்கு அது ஏற்றது. குண்டும் குழியுமான தடத்தில் மெல்லிய எண்ணெய் வண்டியை அடக்கமாக வைத்திருக்கும். முன்னே மெலிந்தால், முடுக்கத்தை விட்டு வளைவுக்குள் நுழையும்போது மூக்கு கூர்மையாகத் திரும்பும். தடித்தால், முடுக்கிக்கொண்டு வெளியேறும்போது முன்பக்கம் வண்டியை இழுத்துச் செல்லும். பின்னே தடித்தால் இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பிடிக்கும், ஆனால் பிடி விட்டாலும் ஒன்றாகவே விட்டு, வால் சுழன்றுவிடும். பழகும்வரை பின்பக்கம் மெல்லியதே போதும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். லேபிளில் உள்ள எண்ணைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் உண்டு, எவ்வளவு ஊற்றினோம் என்று அளப்பவர்கள் குறைவு. ஒரே ஐயாயிரத்தை ஒருமுறை நிரம்ப ஊற்றி, மறுமுறை முக்கால் அளவு ஊற்றினால், இரண்டும் வேறு வேறு டிஃபரன்ஷியல். உன்னிடம் சமையலறைத் தராசு இருக்கும், அது போதாது. கிராமில் பத்தில் ஒரு பங்கைக் காட்டுவதாகப் பார்த்து ஒன்று வாங்கு. பல்சக்கரங்களும் குறுக்குத் தண்டுகளும் வைத்த பெட்டியை எண்ணெய் இல்லாமல் எடைபோட்டு எழுது. குறுக்குத் தண்டுகள் மட்டாக மூழ்கும்வரை ஊற்று. விளிம்புவரை போகாதே. எண்ணெய் சூடானால் விரியும், விரிய இடம் இல்லையென்றால் ரப்பர் வளையத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். குமிழிகள் மேலே வந்து உடையும்வரை பெட்டியைச் சும்மா வைத்திரு. தடித்த எண்ணெயானால் நெடுநேரம் ஆகும், அவசரப்படாதே. மறுபடி எடைபோட்டு எழுது. அடுத்த முறை அதே எடை வர வேண்டும். இந்த நோட்டு இல்லாமல், எண்ணெயை மாற்றினேன், வண்டி மாறிவிட்டது என்று எனக்கு எழுதாதே, நான் நம்ப மாட்டேன்.

லேபிளில் போட்டிருக்கும் எண், எண்ணெயின் தடிப்பைச் சொல்லும் சென்டிஸ்டோக்ஸ் கணக்கு, 25 டிகிரி வெப்பத்துக்கானது. நம் விளக்கெண்ணெய் 20 டிகிரியில் ஏறக்குறைய ஆயிரம் சென்டிஸ்டோக்ஸ், 40 டிகிரிக்குப் போனால் கால்வாசியாக இளகிவிடும். சிலிக்கான் அந்த அளவுக்கு இளகாது. அதனால்தான் அதைப் போடுகிறார்கள். ஆனாலும் மாறாமல் இருக்காது. சித்திரை வெயிலில் இங்கே ஓடும் அதே பெட்டி, உன் ஸ்டுட்கார்ட்டில் ஐப்பசிக் குளிரில் தடித்து நிற்கும். குளிர்ந்தால் ஒரு படி மெல்லியது, சூடேறினால் ஒரு படி தடித்தது. ஒரே நிறுவனத்தின் எண்ணெயையே வாங்கு. ஒருவருடைய ஐயாயிரம் இன்னொருவருடைய ஐயாயிரம் ஆகாது.

கசிவுக்கு வா. பெட்டியையும் பல்சக்கரங்களையும் பிரேக் கிளீனர் அடித்துத் துடை. ரப்பர் வளையங்களை மட்டும் அதில் போடாதே, கெட்டுவிடும். தண்டின் கழுத்தில் வளையம் உராயும் இடத்தை நகத்தால் தடவு. நகம் மாட்டினால் தண்டில் பள்ளம் விழுந்துவிட்டது. அதற்குப் புது வளையம் போட்டுப் பயனில்லை, தண்டையே மாற்று. வளையம் நைட்ரைல் ரப்பரா என்று கேட்டு வாங்கு. சிலிக்கான் ரப்பர், சிலிக்கான் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். பெட்டித் திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. பிளாஸ்டிக் பெட்டியில் ஏறும் திருகுக்குத் திருகுப் பசை போடாதே, பிளாஸ்டிக் வெடிக்கும். இன்னொன்று: வண்டியின் மேல்கூட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் மேசையில் இந்த எண்ணெயைத் திறக்கவே கூடாது. ஒரு துளி பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகி வட்டம் வட்டமாக நிற்கும். நம் பட்டறையில் பெயின்ட் அறைப் பக்கம் சிலிக்கானை நான் விடவே மாட்டேன்.

பழைய எண்ணெயைக் கொட்டும் முன் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வைத்துப் பார். வெறும் சாம்பல் நிறம் என்றால் வழக்கமான தேய்மானம். வெயிலில் சாய்த்தால் மினுமினுக்கும் துகள் இருந்தால் எங்கோ பல் தின்னப்படுகிறது. பெரும்பாலும் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகட்டு வளையம்) தேய்ந்து பல்சக்கரங்கள் சரியாகக் கவ்வாமல் நிற்கும். வெளியே இருக்கும் கிரவுன் (பெரிய பல்சக்கரம்), பினியன் (அதைச் சுற்றும் சிறியது) பற்களையும் பார். மார்க்கர் பேனாவால் சில பற்களில் மை பூசி, கையால் சுற்று. மை அழிந்த தடம் பல்லின் நடுவே இருந்தால் நல்லது. ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் ஷிம்மை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்று. கோவை கணபதியில் கியர் வெட்டும் எந்தப் பட்டறைக்குப் போனாலும் இதையேதான் நீல மை பூசிப் பார்க்கிறார்கள். உன் பல் சிறியது, அவ்வளவுதான்.

பத்தில் ஒரு பங்கு அளவு, பின்சக்கர இழுவை வண்டிக்குக் குண்டு வைத்த டிஃபரன்ஷியல் வாங்கட்டுமா என்றும் கேட்டிருந்தாய். 1980 வாக்கில் இங்கிலாந்தில் செசில் ஷூமாக்கர் பொம்மைக் கார் உலகத்துக்குக் கொண்டுவந்த அருமையான யோசனை அது. இரண்டு எஃகு வளையங்களுக்கு நடுவே பேரிங் குண்டுகள், பல்லே கிடையாது, உராய்வுதான் எல்லாம். பெட்டியைப் பிரிக்காமலே ஒரு திருகால் இறுக்கம் மாற்றலாம். ஆனால் தளர்வாக விட்டு ஒரு முறை வழுக்கினால் குண்டு தட்டையாகும், வளையத்தில் தடம் விழும். அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு வழுக்குவதற்கென்றே வைத்த ஸ்லிப்பர் கிளட்ச்தான் முதலில் வழுக்க வேண்டும், டிஃபரன்ஷியல் வழுக்கவே கூடாது. விரலால் சுற்றும்போது கரகரத்தால் பிரிக்க வேண்டும். வளையத்தைத் திருப்பிப் போடலாம், அல்லது கண்ணாடியின் மேல் நைசான எமரித் தாளை வைத்து 8 போட்டுத் தேய்க்கலாம். குண்டுகளுக்குச் சிலிக்கான் கிரீஸ், சிறிய அழுத்த பேரிங்குக்குக் கறுப்பு மாலிப்டினம் கிரீஸ், இரண்டையும் மாற்றிப் பூசினால் கதை முடிந்தது. வாரம்தோறும் உட்கார்ந்து இதைச் செய்ய உனக்குப் பொழுது இல்லை என்பது உன் அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பல்சக்கரப் பெட்டியையே வாங்கு. குளிர்காலத்தில் கார்ப்பெட் தடத்தில் டூரிங் கார் ஓட்டினால், முன்னே இரு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவைக்கும் ஸ்பூல், பின்னே பல்சக்கரப் பெட்டி. அதைப் பற்றி அப்போது எழுதுகிறேன்.

நடுப்பெட்டித் தண்டின் விட்டத்தையும், பழைய ஷிம்களின் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பையும் காலிப்பரில் அளந்து அனுப்பு. 0.1, 0.2 மில்லிமீட்டர் தகட்டில் இங்கேயே வெட்டி, அம்மிச்சி கட்டி வைத்திருக்கும் பருப்புப் பொடி பார்சலோடு சேர்த்து அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
அப்பா