திருமஞ்சனக் கிணற்றுத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அங்கத்தவர்களுக்கும், அடியார்களுக்கும், புலம்பெயர்ந்து வாழும் எம்மூர் உறவுகளுக்கும் வணக்கம்.

எமது ஆலயத் திருமஞ்சனக் கிணற்றுக்கு மேற்கே, நிலத்துக்கு அடியில் மரச்சீவல் வடிசுவர் (மரச்சீவலும் மணலும் நிரப்பி, நிலத்தடி நீரைத் தன்னூடாக ஓடவிட்டுத் தூய்மையாக்கும் சுவர்) அமைக்கும் திருப்பணி சென்ற ஆவணியில் தொடங்கிப் புரட்டாதியில், மாரி மழைக்கு முன்பே, நிறைவேறியது. மண்டபமோ மதிலோ போல இது கண்ணுக்குத் தெரியாது. மேலே மண் மூடிப் புல்லும் முளைத்துவிட்டது. ஆகவே உள்ளே இருப்பது என்ன, அது ஏன் அங்கே இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். பணம் தந்தவர்களுக்கும் வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் அதை அறியும் உரிமை உண்டு.

கிணற்றுத் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, ருசியும் மாறவில்லை. ஆனால் உரத்திலிருந்தும் எருவிலிருந்தும் நீரில் கரையும் நைத்திரேற்று என்னும் உப்புக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆய்வுகூட அறிக்கை கைக்கு வந்தபோதுதான் அது வரம்பு மீறியிருப்பது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதை விஞ்சிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் வலு குறைந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். காய்ச்சினாலும் பயனில்லை. கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

எமது முல்லைத்தீவுக் கரையோர மணலில் மேலே ஊற்றுவது எதுவும் விரைவில் கீழே இறங்கிவிடும். தோட்டத்துக்கு இடும் யூரியா, பட்டியில் குவியும் எரு, மலசலகூடக் குழிகள் எல்லாம் சேர்ந்தே இந்த நிலையை உண்டாக்கின. எந்த ஒரு குடும்பத்தையும் சபை குறை சொல்லவில்லை.

நிலத்தடி நீர் எந்தத் திசையால் வருகிறது என்பதைத்தான் முதலில் அறிய வேண்டியிருந்தது. மூன்று கிணறுகளின் கட்டுகளை, மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிந்த குழாயில் தண்ணீர் நிரப்பி ஒரே மட்டத்துக்குக் கணக்கிட்டோம். பிறகு ஒவ்வொரு கட்டிலிருந்தும் நீர்மட்டம் வரை நாடாவால் அளந்தோம். மேற்கே உயர்ந்தும் களப்புப் பக்கம் தாழ்ந்தும் இருந்தது. வரும் வழி தெரிந்த பின்புதான் சுவருக்கு இடம் குறித்தோம்.

குடிநீர் வடிகட்டும் இயந்திரம் ஒன்றைப் பூட்டினால் போதாதா என்று பொதுக்கூட்டத்தில் கேட்டார்கள். அது குழாயில் வரும் தண்ணீரை மட்டும் சுத்தமாக்கும். கிணறு அப்படியே கிடக்கும். மின்கட்டணமும், மாற்றுப் பாகங்களும், கழிவு நீரும் வேறு. வடிசுவரோ தண்ணீரை மறிக்காது. தன்னூடாக ஓடவிட்டே தூய்மையாக்கும்.

இந்த முறையில் முதலில் பெயர் பெற்றது இரும்புத்தூள் சுவர். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1991இல் ஒன்ராறியோவின் போர்டன் படைத்தளத்தில் அதைப் பரீட்சித்தார்கள். 1996இல் அமெரிக்காவின் எலிசபெத் சிற்றியில், முலாம் பூசும் பட்டறையிலிருந்து கசிந்த குரோமியத்தைப் பிடிக்க 46 மீற்றர் நீளச் சுவர் நிலத்துள் இறக்கப்பட்டது. எமது மாசு வேறு, மருந்தும் வேறு. நைத்திரேற்றுக்கு மரத்தூளே போதும் என்பதை நியூசிலாந்தில் காட்டினார்கள். அங்கே மரத்தூள் கலந்து கட்டிய சுவர் ஒன்று 14 ஆண்டுகளுக்குப் பின்னும் வேலை செய்தது. மண்ணில் இயல்பாகவே வாழும் பற்றீரியா மரத்தின் காபனை உண்ணும். ஒட்சிசன் தீர்ந்ததும் நைத்திரேற்றில் உள்ளதை எடுத்துக்கொள்ளும். எஞ்சும் நைதரசன் வாயுவாகிக் காற்றோடு சேரும்.

அதே நியூசிலாந்தில் இன்னொரு சுவர் பயனற்றும் போயிருக்கிறது. மரத்தூளும் மணலும் கலந்து இறுகியதால் தண்ணீர் அதனுள் புகாமல் அடியால் ஓடிவிட்டது. அதனாலேயே நாம் நுண்ணிய தூளை விட்டுப் பருத்த சீவலும், கழுவிய பருமணலும் வாங்கினோம். மருந்தூட்டிய மரத்தின் சீவல் ஒரு பிடியும் சேரக்கூடாது என்பதில் உறுதியாக நின்றோம். அதில் ஆசனிக்கு என்னும் நஞ்சு இருக்கக்கூடும். மரக்காலையில் நின்று பார்த்தே சாக்குகளை ஏற்றினோம்.

காணி கண்ணிவெடி அகற்றப்பட்டது என்ற சான்றிதழைப் பார்த்த பின்பே பெக்கோவை இறக்கினோம். தெற்கு முனையில் பழைய பதுங்குகுழி ஒன்றின் பனங்குற்றிகள் வந்தன. வேலை நின்றது. வயதான அம்மா ஒருவர் வந்து அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். குற்றிகளின் மேற்பாகம் கையால் உதிர்ந்தது. அடியில், ஆண்டு முழுதும் ஈரத்தில் நின்ற பாகம் கத்தி இறங்காத வைரமாக இருந்தது. காற்றுப் படாத ஈரத்தில் மரம் எளிதில் உக்காது. சீவல் முழுவதையும் கோடை நீர்மட்டத்துக்குக் கீழே இறக்க வேண்டும் என்று நாம் பிடிவாதமாக நின்ற காரணம் இதுதான். குழி இடிந்து இடிந்து விழுந்ததால் வேலை நீண்டது. இரவிலும் நின்று தண்ணீர் இறைத்த இளைஞர்களுக்குச் சபை தலைவணங்குகிறது.

மாதிரி எடுப்பதற்காகச் சுவரின் இரு புறமும் கண்காணிப்புக் குழாய்கள் உள்ளன. முதல் மாதங்களில், தண்ணீர் சுவரைத் தாண்டி வரும் கீழ்ப்புறக் குழாயில் தேயிலைச் சாயம் போன்ற தண்ணீர் வந்தது, சற்று நாறியும் இருந்தது. புதிய சீவலில் அது வழமை, இப்போது தெளிந்துவிட்டது. சித்திரையில் எடுத்த மாதிரியில், மேற்புறக் குழாயில் நைத்திரேற்று முன்போலவே உயர்ந்தும், கீழ்ப்புறத்தில் வரம்புக்குள்ளும் இருந்தது. கிணற்றில் குறைந்து வருகிறது, இன்னும் வரம்புக்குள் வரவில்லை. சுவருக்கும் கிணற்றுக்கும் இடையில் தங்கிய பழைய நீர் மெல்லத்தான் வெளியேறும். அதுவரை கைக்குழந்தைகளுக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம். சுவர் கிருமியைக் கொல்லாது, ஆகவே மற்றவர்களும் காய்ச்சியே குடியுங்கள்.

சுவருக்கு அருகே குழாய்க்கிணறு இறக்கவோ பெரிய மோட்டர் பூட்டவோ வேண்டாம்; நீரோட்டம் திசை மாறி, தண்ணீர் சுவரைச் சுற்றிப் போய்விடும். மேற்கே உள்ளவர்கள் எருக்குவியலுக்குக் கூரை போட்டு, யூரியாவைப் பிரித்துப் பிரித்து இடுமாறு கைகூப்பிக் கேட்கிறோம். மேலே மாசு குறையக் குறையச் சுவருக்கும் சுமை குறையும்.

வரவு செலவுக் கணக்கு ஆலய அறிவிப்புப் பலகையில் உள்ளது. கண்காணிப்புக் குழாய் மூடிகளின் திறப்பு களஞ்சியப் பொறுப்பாளரிடம் இருக்கிறது. அடுத்த மாதிரி ஆவணியில், நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது எடுக்கப்படும். விரும்பிய எவரும் வந்து நின்று பார்க்கலாம்.

இங்ஙனம்,
திருப்பணிச் சபையினர்