ஒரு போனும் நாற்பது வீடும்

ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய போன்களில் செயலிகள் ஒவ்வொன்றாக நின்றுபோவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புதுப் போன் விற்பதற்காகவே கம்பெனிகள் இப்படிச் செய்வதாகக் கட்டுரையாளர் சொல்கிறார். சின்ன மென்பொருள் குழு ஒன்றில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அவர் சொல்வதை முழுதாக ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. பழைய ஆண்ட்ராய்டையும் விடாமல் வைத்திருப்பதென்றால், புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொன்றையும் அதிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் போனுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது எப்போதோ நின்றிருக்கும். என்றாவது ஒருநாள் நிறுத்தத்தான் வேண்டும்.

எந்த நாள் என்பதில்தான் நாங்கள் தவறினோம். பால் கொள்முதல் கணக்கு எழுதும் செயலி எங்களுடையது. ஆண்ட்ராய்டு 6-இல் அதை ஓட்டிய போன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டோம். சர்வரையும் மாற்றியதால் பழைய பதிப்பு கணக்கை எடுக்க முடியாமல் நின்றது. மறுவாரம் ஒரு கிராமத்துச் சங்கத்தின் செயலாளர் அம்மா கூப்பிட்டார். "தம்பி, நாப்பது வீட்டுப் பால் கணக்கு இதுக்குள்ளதான் இருக்கு. சனிக்கிழமை பட்டுவாடா. வர்றவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?" எங்கள் பட்டியலில் ஒற்றைப் போனாக விழுந்திருந்ததற்குப் பின்னால் நாற்பது வீடு நிற்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விழுக்காட்டைப் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் சறுக்குவது இங்கேதான். போனை எண்ணுகிறோம், ஆளை எண்ணுவதில்லை.

பொறுப்பாகச் செய்தவர்களும் உண்டு. இது உண்மையான தளம்தான் என்று போனுக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழை இணையதளங்களுக்கு இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு, 2020 நவம்பரில் தன் சிக்கலை வெளிப்படையாக அறிவித்தது. யாருடைய சான்றிதழை நம்பலாம் என்ற பட்டியல் போனுக்குள்ளேயே இருக்கும். ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களின் பட்டியலில், இவர்கள் தரும் சான்றிதழ்களுக்கெல்லாம் அடிப்படையான மூலச் சான்றிதழ் கிடையாது. பழைய போன்களும் நம்பும் ஐடென்டிரஸ்ட் என்ற மூத்த சான்றிதழ் நிறுவனத்தின் கையொப்பத்தை வைத்தே அதுவரை ஓட்டியிருந்தார்கள். அந்த நிறுவனத்தின் மூலச் சான்றிதழோ 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதி. அப்போது அவர்கள் காட்டிய கணக்குப்படி, ஆண்ட்ராய்டு போன்களில் 33.8 விழுக்காட்டில் இந்தச் சான்றிதழ் உள்ள தளங்கள் பிழை காட்டும். பயர்பாக்ஸ் உலாவி தனக்கென்று தனி நம்பிக்கைப் பட்டியல் வைத்திருப்பதால், அதைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அதோடு விடவில்லை. தன் பட்டியலில் இருக்கும் மூலச் சான்றிதழின் காலாவதித் தேதியை ஆண்ட்ராய்டு பார்ப்பதில்லை என்பதை வைத்து, அதே ஐடென்டிரஸ்டிடம் இன்னும் மூன்று வருடத்துக்குக் கையொப்பம் வாங்கினார்கள். 2023-இல் பார்த்தபோது, அவர்களுடைய மூலச் சான்றிதழை நம்பும் ஆண்ட்ராய்டு போன்கள் 66-லிருந்து 93.9 விழுக்காடாக உயர்ந்திருந்தன. அதற்குப் பிறகுதான் அந்தக் கையொப்பத்தைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். 2024 செப்டம்பர் 30-இல் அது முடிந்தது. மூன்று வருடம் அவகாசம் வாங்கியதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

அடியோடு நிறுத்துவதற்கும் கடைசிவரை சுமப்பதற்கும் நடுவே இன்னொரு வழியும் இருக்கிறது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்ட் பொதுவான ஆதரவை முடித்தது 2020 ஜனவரியில். குரோம் உலாவி 2023-இல் 109-ஆம் பதிப்போடு அதிலிருந்து விலகிக்கொண்டது. பயர்பாக்ஸ் மட்டும் 115-ஆம் பதிப்பைத் தனியாக வைத்துப் பாதுகாப்புத் திருத்தம் கொடுத்துவந்தது. கெடுவைப் பல தடவை தள்ளியும் போட்டது. புது வசதி எதுவும் அதில் வராது. பழைய கணினி வைத்திருப்பவருக்கு அது வேண்டியதும் இல்லை, ஓட்டை அடைபட்டால் போதும்.

எங்கள் தவறை நாங்கள் திருத்தியதும் இப்படித்தான். அந்த வெள்ளிக்கிழமை ராத்திரியே சர்வரில் பழைய பதிப்புக்கு வழி திறந்துவிட்டோம். நிறுத்தப்போகும் தேதியைச் செயலிக்குள்ளேயே தமிழில் காட்டினோம். கணக்கை வேறு போனுக்கு மாற்ற ஒரு பொத்தான் வைத்தோம். முதலிலேயே வைத்திருக்க வேண்டியது அது. பழைய போன் வைத்திருந்த சங்கங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டும் பேசினோம். அந்த அம்மாவின் சங்கத்துக்கு ஏழாவது மாதம் வேறு போன் வந்தது. நாற்பது வீட்டுக் கணக்கும் அதில் ஏறிவிட்டதாக அவர் சொன்ன பிறகு பழைய வழியை மூடினோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல்