பால் ஆலையின் கழுவுநீரைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வடிகாலில் ஊற்றப்படும் ஒரு லீற்றர் பால் சிதைவதற்குச் சுமார் 100 கிராம் ஒட்சிசன் வேண்டும். வாவிபோன்ற நீர்நிலைக்குள் விடும் கழிவுநீரில் இந்தத் தேவை லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டு நியமம். ஆகவே சுத்திகரிப்புத் தொட்டி கட்டுமுன் பால் வடிகாலுக்குள் போகாமல் தடுங்கள். குழாய்களில் எஞ்சும் பாலை முதலில் வாளியில் வடித்தெடுங்கள், தயிர்த் தண்ணீரை மாட்டுக்குக் கொடுங்கள்.

கொஸ்டிக் சோடாவால் கழுவியபின் ஓடும் கடைசி அலசல் நீர் கிட்டத்தட்டச் சுத்தமானது. அதைத் தனித் தாங்கியில் சேர்த்து அடுத்த கழுவலின் முதல் அலசலுக்கு எடுக்கலாம். நம் வெக்கைக்கு ஒரு நாளுக்குமேல் வைத்தால் புளித்து நாறும். பால் படும் பாத்திரத்தின் இறுதி அலசலுக்கோ குடிநீர் மட்டுமே.

பல இடங்களில், கழிவுநீரில் மிதக்கும் கொழுப்பைப் பிடித்துவைக்கும் கொழுப்புப் பொறியை வாரக்கணக்கில் வழிக்காமல் விடுகிறார்கள். நுண்ணுயிர்கள் காற்றின் உதவியோடு கழிவைச் சிதைக்கும் காற்றூட்டும் தொட்டிக்குள் கொழுப்பு போனால், அந்த நுண்ணுயிர்ச் சேறு பின்னர் அடியில் படியாமல் மிதந்து, தெளிந்த நீரோடு வெளியேறிவிடும். கொஸ்டிக் சோடா கலந்த காரக் கழுவுநீரைச் சமன்செய்யாமல் ஒரேயடியாக விட்டாலும் அந்த நுண்ணுயிர்கள் செத்துவிடும். அதற்கு முன்னுள்ள சமன்படுத்தும் தொட்டியில் அமில-கார அளவான பி.எச். 6.5க்கும் 8.5க்கும் இடையில் நிற்கட்டும். காற்றூட்டும் தொட்டியில் கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு 2 மில்லிகிராம் இருக்கட்டும். இரவில் காற்றூதியை நிறுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
நீர்ச் சுத்திகரிப்புத் தொழில்நுட்பவியலாளர்கள்,
மட்டக்களப்பு