ஒயில் பில்டர் பற்றிய முறைப்பாடு: நான்கு தடவை வந்தும் ஒரு பதில் இல்லை

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் நிறுவனம் இறக்குமதி செய்து விற்கும் ஒயில் பில்டர் பற்றி இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஆறு தடவை தொலைபேசியில் கதைத்து, நான்கு தடவை நேரில் வந்து, இரண்டு நாள் லீவும் போட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். களைத்துவிட்டேன் ஐயா. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நீங்கள் விற்கும் பில்டருக்குள் இருக்கும் பைபாஸ் வால்வு, அதாவது அழுத்தம் கூடினால் ஒயிலை வடிகட்டாமலே எஞ்சினுக்கு விடும் வால்வு, எந்த அழுத்தத்தில் திறக்கும்? உங்கள் சாமான், உங்கள் பெட்டி, உங்கள் கையேடு. இந்தப் பதில் உங்களிடம் இல்லாமல் போகாது என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

என் வாகனம் 1997 ஆம் ஆண்டு சுபாரு இம்பிரேசா டபிள்யூஆர்எக்ஸ், ஈஜே20 டர்போ எஞ்சின். உங்கள் கையேட்டில் இந்தக் காரின் பெயருக்கு நேரே ஒரு பில்டர் இலக்கம் அச்சாகியிருக்கிறது. அதை நம்பித்தான் பஞ்சிகாவத்தையில் உங்கள் விற்பனை முகவரிடம் 2,650 ரூபாய் கொடுத்து வாங்கினேன். தெஹிவளையில் நான் வழக்கமாகப் போகும் கராஜில் பழைய ஒயிலை இறக்கிவிட்டுப் புது பில்டரைப் பூட்டப் போனால், அது வாயிலேயே நின்றுவிட்டது. கராஜ் பொடியன் கொஞ்சம் பலம் கொடுத்துத் திருப்பினான், கடித்துக்கொண்டது. கராஜ் பாஸ் சத்தம் போட்டு நிறுத்தி, பில்டரைக் கழற்றி, அது ஏறும் ஸ்டட்டின் (எஞ்சினில் உள்ள திருகுத் தண்டின்) நுனியை நகத்தால் தடவிப் பார்த்தார். முதல் திருகுப் புரியில் காயம். நகத்தில் மினுமினுவென்று இரும்புத்தூள். பழைய பில்டரையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது புரி வேறு என்று எனக்கே தெரிந்தது.

சுபாருவின் ஸ்டட்டுக்கு 20 மில்லிமீற்றர் விட்டம், புரிக்குப் புரி ஒன்றரை மில்லிமீற்றர். டொயோட்டாக்களில் பெரும்பாலும் வருவது முக்கால் அங்குலம், அங்குலத்துக்குப் பதினாறு புரி. விட்டத்தில் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம். இதை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் உங்கள் முகவர் "ஜப்பான் வாகனம் எல்லாத்துக்கும் ஒரே புரிதான், உங்கட பாஸுக்குப் பூட்டத் தெரியேல்ல" என்றார். முப்பது வருடம் எஞ்சின் இறக்கி ஏற்றிய மனிதரைப் பற்றி இப்படிச் சொன்னார். தலைமைக் கந்தோரில் போய்க் கேட்கும்படியும் சொன்னார்.

தலைமைக் கந்தோரில் வேறு இலக்கத்தில் ஒரு பில்டரைத் தந்தார்கள். அந்த முதல் நாள் மரியாதையாகத்தான் நடத்தினார்கள், அதை மறைக்க மாட்டேன். புரி சரியாக இருந்தது. பூட்டிக்கொண்டு அதிவேகப் பாதையால் காலிக்குப் போய்த் திரும்பினேன். வந்த பிறகுதான் பெட்டியின் அடியில் இருந்த சின்ன எழுத்தை வாசித்தேன்: பைபாஸ் 0.8 முதல் 1.0 வரை, சதுர சென்ரிமீற்றருக்கு இத்தனை கிலோகிராம் என்ற கணக்கில். பிஎஸ்ஐயில், அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற கணக்கில், ஏறத்தாழ 11 முதல் 14. இந்த எஞ்சினுக்குரிய அசல் பில்டர் 23 பிஎஸ்ஐயில்தான் திறக்கும். அப்படியென்றால் காலிப் பாதையில் நான் கியரை இறக்கி மிதித்த ஒவ்வொரு தடவையும் வடிகட்டாத ஒயில் நேரே ரொட் பெயாரிங்குக்கும் (பிஸ்டன் தண்டைத் தாங்கும் பெயாரிங்) டர்போவுக்கும் (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் விசிறி) போயிருக்கலாம். இந்த எஞ்சினின் பலவீனமே ரொட் பெயாரிங்தான். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது, அதைத் தாங்குவது ஒரு மெல்லிய ஒயில் படலம். அந்தப் படலத்துக்குள் அழுக்கு போனால் என்ன நடக்கும்?

இதைத்தான் உங்கள் கவுண்டரில் இருந்தவரிடம் கேட்டேன். பெயர் எழுதவில்லை, சட்டைப் பையில் அட்டை இருந்தும் திருப்பிப் போட்டிருந்தார். பெட்டியைக் கையில் எடுக்கக்கூட இல்லை. "உள்ளுக்கு சிலிக்கன் வால்வு அண்ணே, நல்ல சாமான்" என்றார். நீங்கள் சொல்வது ஒயில் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வு, என் காரில் பில்டர் எஞ்சினுக்கு அடியில் வாயை மேலே வைத்துக்கொண்டு தொங்குகிறது, ஒயில் அதற்குள்ளேயே நிற்கும், நான் கேட்பது மற்ற வால்வை என்று ஆறுதலாக விளக்கினேன். அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இந்தப் பழைய காருக்கு எந்த பில்டர் போட்டா என்ன? வித்துப்போட்டு ஒரு ஹைபிரிட் எடுங்கோ." சொல்லிவிட்டுப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். அது கவுண்டரிலிருந்து விழுந்தது. குனிந்து எடுத்தவன் நான். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் யாருக்கோ தொலைபேசியில் சோற்றுப் பார்சலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐயா, 1995 இல் கொலின் மெக்ரே உலக ராலிப் பட்டம் வென்றது இந்த இம்பிரேசாவில்தான். அந்த வருடத்திலிருந்து தொடர்ந்து மூன்று வருடம் தயாரிப்பாளர் பட்டமும் சுபாருவுக்கே. பழைய இரும்பு என்று பேச ஒருவருக்கும் உரிமை இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு இப்படியான காரைத் தொலைத்தால் திரும்பக் கிடைக்காது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். 2025 இல் இறக்குமதி திறந்தும் பயனில்லை. இவ்வளவு பழைய காரைக் கொண்டுவர விடமாட்டார்கள்.

போயா நாள் (பௌர்ணமி விடுமுறை) கதையைச் சொல்லாமல் விட முடியாது. கவுண்டரில் இருந்த அதே மனிதர்தான் "வியாழக்கிழமை வாங்கோ, எஞ்சினியர் வருவார், வாகனத்தையும் கொண்டு வாங்கோ" என்றார். அது போயா தினம், கந்தோர் திறக்குமா என்று கேட்டேன். "சேவிஸ் பகுதி திறந்திருக்கும்" என்றார். இரண்டாவது தடவையும் கேட்டேன், தலையாட்டினார். அன்று காலை விடாத மழை. வந்து பார்த்தால் கேற்றில் பூட்டு. காவலாளி குடையோடு ஓடிவந்து "அண்ணே, இண்டைக்கு ஒருத்தரும் இல்லை" என்றார். நான் நனைந்து நிற்பதைப் பார்த்து உள்ளே கூப்பிட்டு பிளேன்டீ ஊற்றித் தந்தார். அந்த முதல் நாளுக்குப் பிறகு உங்கள் நிறுவனத்தில் என்னை மனிதனாக நடத்தியவர் அவர் ஒருவர்தான், அவருக்கு நன்றி சொல்லிவிடுங்கள். மறுநாள் தொலைபேசியில் தமிழுக்கு இரண்டை அழுத்தினேன். பதினெட்டு நிமிடம் பாட்டு. பிறகு வந்தவருக்குத் தமிழ் தெரியாது, எஞ்சினியர் என்று ஒருவர் இருப்பதும் தெரியாது.

காரை இப்போது நிறுத்திவைத்திருக்கிறேன். சத்தம் ஒன்றும் இல்லை என்று பாஸ் சொல்கிறார். எனக்குக் கேட்கிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கீழே ஒரு தட்டல் இருக்கிறது, முன்பு இருக்கவில்லை. எஞ்சினின் பாதி உயிரை உங்கள் பில்டர் குடித்துவிட்டது என்றுதான் சொல்வேன். நாலரை லீற்றர் சிந்தெடிக் ஒயிலை 300 கிலோமீற்றர்கூட ஓடாமல் இறக்கிக் கொட்டினேன். மருமகளின் கல்யாணத்துக்கு மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போனேன். ஸ்டட்டைச் சீர்செய்த கூலி வேறு. இவை எல்லாவற்றுக்கும் விலை போட்டால் லட்சக்கணக்கில் வரும். அதை இப்போதைக்குக் கேட்கவில்லை, கேட்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

தயவுசெய்து இரண்டு பில்டர் இலக்கங்களுக்கும் புரி அளவையும் பைபாஸ் அழுத்தத்தையும் எழுத்தில் தாருங்கள். கையேட்டில் தவறான இலக்கத்தை அகற்றுங்கள், நாளை இன்னொருவர் அதை நம்பி வாங்குவார். 2,650 ரூபாயையும் ஒயில் செலவையும் கூலியையும் திருப்பித் தாருங்கள். கவுண்டரில் இருந்தவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

இந்தக் கடிதம் கிடைத்து பதினான்கு நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்துமூலம் முறைப்பாடு செய்வேன். அவர்களின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு ஏற்கனவே அழைத்து விபரம் கேட்டுவிட்டேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும், ஐந்து கிழமைதான் ஆகியிருக்கிறது. அந்த இடத்துக்குப் போக எனக்கு விருப்பமில்லை ஐயா. உங்கள் பேட்டரிகளைப் பல வருடமாக வாங்குகிறேன், குறை சொன்னதில்லை. ஆனால் போவேன்.

பற்றுச்சீட்டுப் பிரதியும், இரண்டு பில்டர்களின் புரியைப் பக்கத்தில் வைத்து எடுத்த படமும், பெட்டியின் அடிப்பக்கப் படமும் இணைத்திருக்கிறேன். பில்டர்கள் என் வீட்டில் இருக்கின்றன. தேவையென்றால் யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்தாவது தடவை நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
தெஹிவளை.