லூகாவைப் பார்க்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

தேங்ஸ்கிவிங்குக்கு மறுநாள் நம்ம டாலஸ் பாஸ்கெட்பால் அணி மேவரிக்ஸ் அங்கே லாஸ் ஏஞ்சலஸில் லேக்கர்ஸோடு ஆட வருகிறார்கள், ஆபீஸில் ஒருவர் டிக்கெட் தருகிறேன் என்கிறார், போகலாமா என்று கேட்டிருந்தாய். போனால் எந்த ஜெர்சி போடுவது என்றும் கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் போதும்தான். ஆனால் 2025 பிப்ரவரியில் நம்ம நட்சத்திரம் லூகா டோன்சிச்சை லேக்கர்ஸுக்கு டிரேட் பண்ணிக் கொடுத்ததற்கு அப்புறம் நீ ஒரு மேட்ச்கூட உட்கார்ந்து பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஸ்கோரை மட்டும் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு, எதுவும் தெரியாத மாதிரி இருக்கிறாய். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பதில்: போ. ஜெர்சிக்கு அப்புறம் வருகிறேன்.

"யாரோ ஒரு பையன் வேலை மாறிப் போனதுக்கு அம்மாவும் பிள்ளையும் ஒரு வருஷமா துக்கம் காக்கிறீங்களே" என்று உன் அப்பா இன்னமும் கேலி செய்கிறார். வேலை மாறிப் போகிறவன் அவனாகப் போவான். லூகா அப்படியா போனான்? அங்கேதான் அவருக்குப் புரியவில்லை. உனக்கும் அதே இடத்தில்தான் கொஞ்சம் குழப்பம் என்று நினைக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி இங்கே பதினொன்றைத் தாண்டியிருந்தது. பாஸ்கெட்பால் நிருபர் ஷாம்ஸ் சரானியா அந்த டிரேட் செய்தியைப் போட்டதும், அவருடைய கணக்கை யாரோ ஹேக் பண்ணிவிட்டார்கள் என்றுதான் நீ போனில் சொன்னாய். ஊரே அப்படித்தான் நினைத்தது. உண்மைதான் என்று அவரே மறுபடி எழுத வேண்டியதாயிற்று. லூகாவுக்கே அப்போதுதான் தெரியும். கோச் ஜேசன் கிட்டுக்கும் கடைசி நேரத்தில்தான் சொன்னார்கள். மறுநாள் நம் ஊர் அரங்கத்துக்கு வெளியே, நம்ம பழைய நட்சத்திரம் டர்க் நோவிட்ஸ்கி சிலைக்கு முன்னால், ஜனங்கள் ஒரு சவப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். டீவியில் பார்த்தபோது எனக்கு அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஆனால் அந்தச் சிலையின் பீடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்குத் தெரியுமே! விசுவாசம் ஒருநாளும் மங்காது என்று பெரிதாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள். அதே கட்டடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு இப்படிச் செய்தால் ஜனங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராமல் என்ன செய்வார்கள்?

என்ன கிடைத்தது என்று பார். லூகாவுக்கு அப்போது வயது 25. ஐந்து வருஷம் தொடர்ந்து என்பிஏ லீக்கின் முதல் ஐந்து பேரில் ஒருத்தன். எட்டு மாதம் முன்னால்தான் நம்மை ஃபைனலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். மினசோட்டாவில் கடைசி மூன்று வினாடியில், அவ்வளவு உயரமான கோபேரை ஒற்றையாக எதிரில் நிறுத்தி, ஒரு எட்டு பின்னால் எடுத்து வைத்து மூன்று பாயிண்ட் போட்டானே, அது அந்த மே மாதம்தான். பந்து உள்ளே போவதற்குள் நீ போனில் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அப்படிப்பட்டவனைக் கொடுத்துவிட்டு வாங்கியது 31 வயது ஆண்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029 டிராஃப்ட்டில், அதாவது புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கிற நாளில், ஒரு முதல் சுற்றுத் தேர்வு. டேவிஸ் நல்ல ஆட்டக்காரர், அதில் சந்தேகமே இல்லை. வந்து ஆடிய முதல் மேட்ச்சிலேயே 26 பாயிண்ட், 16 ரீபவுண்ட் எடுத்தார். அதே மேட்ச்சில் அடிபட்டும் போனார்.

ஏன் கொடுத்தார்கள் என்பதற்கு மேவரிக்ஸின் ஜெனரல் மேனேஜர் நிகோ ஹாரிசன் சொன்ன காரணம், தடுப்பாட்டம்தான் கோப்பை ஜெயித்துத் தரும் என்பது. சொல்லாமல் விட்டதும் உண்டு. லூகாவின் உடம்பு, கெண்டைக்கால் காயம், அப்புறம் வரவிருந்த சூப்பர்மேக்ஸ் என்கிற உச்சபட்சச் சம்பள ஒப்பந்தம். ஐந்து வருஷத்துக்குச் சுமார் 345 மில்லியன் டாலர். அவ்வளவு பெரிய தொகையைத் தருமுன் ஒரு மேனேஜருக்குத் தயக்கம் வரலாம், அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய ஸ்கூட்டரை விற்கிறவன்கூட நாலு பேரிடம் விலை கேட்பான். இவர் லேக்கர்ஸ்காரர் ஒருவரிடம் மட்டும் காபி குடித்துக்கொண்டே ரகசியமாகப் பேசி முடித்துவிட்டார். என் கோபமெல்லாம் அதில்தான்.

லூகா மறுத்திருக்கலாமே என்று நீ ஒருமுறை கேட்டாய். முடியாது தம்பி. டிரேடை மறுக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க, லீக்கில் எட்டு வருஷம் ஆடியிருக்க வேண்டும், அதில் நாலு வருஷமாவது அதே அணியில் இருந்திருக்க வேண்டும். அவனுக்கு அது ஏழாவது சீசன். அவன் கையில் ஒன்றுமே இல்லை. போ என்றார்கள், போனான். அதனால்தான் சொல்கிறேன், அவன் லேக்கர்ஸின் மஞ்சள் ஜெர்சியில் நிற்பதைப் பார்க்கும்போது உனக்கு வருகிற கோபம் விலாசம் தப்பிப் போகிறது.

இதே நேரத்தில் மயிலாப்பூர் மாமா வேறு. போன வாரம் போன் பண்ணி அரை மணி நேரம் ஜடேஜா புராணம். சென்னை ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியிருக்கிறதே, அதுதான். 2023 ஃபைனலில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டியிருந்தபோது சிக்ஸரும் ஃபோரும் அடித்தவனை எப்படிடி கொடுக்க மனசு வந்தது என்று என்னைக் கேட்கிறார், ஏதோ நான் கையெழுத்துப் போட்ட மாதிரி. ஆனால் ஐபிஎல்லில் ஆட்டக்காரர் சம்மதிக்காமல் டிரேட் நடக்காது. ஜடேஜா 2008-இல் ஆரம்பித்ததே ராஜஸ்தானில்தான். சரி என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். அதனால் மாமாவின் துக்கம் என்னுடையதைவிட ஒரு படி கம்மி என்று சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

டிரேட் என்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. டர்க்கே நமக்கு அப்படி வந்தவர்தான். 1998 டிராஃப்ட்டில் மில்வாக்கி எடுத்து நமக்குக் கைமாற்றியது. 2018-இல் லூகாவை அட்லாண்டா எடுத்தது, நாம் டிரே யங்கையும் அடுத்த வருஷத் தேர்வையும் கொடுத்து வாங்கினோம். இரண்டும் டிராஃப்ட் நடந்த ராத்திரியே நடந்தவை. அந்தப் பையன்கள் அந்த ஊர்களில் ஒருநாள்கூட ஆடவில்லை, யாருக்கும் அவர்களைப் பழக்கமில்லை, யாரும் அழவில்லை. டொராண்டோக்காரர்கள் அழுதார்கள். 2018-இல் டிமார் டிரோசனைக் கொடுத்துவிட்டுக் கவாய் லெனர்டை வாங்கினார்கள். ஒன்பது வருஷம் அந்த ஊருக்காக ஆடியவர், அவருக்கும் மனசு உடைந்துபோயிற்று. அடுத்த வருஷமே கோப்பை வந்தது. கோப்பை வந்தால் ஊர் மறந்துவிடுமா என்றால், மன்னித்துவிடும் என்பது வரை சொல்லலாம். நமக்கு அதுவும் வரவில்லை. லூகா போன ஒரு மாதத்தில் நம்ம இன்னொரு நட்சத்திரம் கைரி இர்விங்கின் முழங்கால் போயிற்று, சீசனே போயிற்று. நடுவில் டிக்கெட் விலையை ஏற்றினார்கள் பார், அந்தத் தைரியத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

லூகா லேக்கர்ஸோடு முதல்முறை இங்கே வந்து ஆடிய ஏப்ரல் 9-ஆம் தேதி மேட்ச்சை நீ பார்க்கவில்லை என்று சொன்னாய். நான் பார்த்தேன். உனக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு டீஷர்ட் வைத்திருந்தார்கள், எல்லாவற்றுக்கும் நன்றி என்று அவனுடைய ஸ்லோவேனிய மொழியில். ஆட்டத்துக்கு முன்னால் விளக்கை அணைத்துவிட்டு அவனுடைய ஏழு வருஷத்தையும் திரையில் ஓட்டினார்கள். அவன் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான், அப்புறம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான், மறுபடி துடைத்தான். அழுத கண்ணோடு எப்படி ஆடப்போகிறான் என்று நினைத்தேன். 45 பாயிண்ட் அடித்தான். நம்ம ஊர்க்காரர்கள் நம்மை எதிர்த்து அவன் போட்ட பந்துக்கெல்லாம் கைதட்டினார்கள், நடுநடுவே "ஃபைர் நிகோ, ஃபைர் நிகோ" என்று கோஷம். மேவரிக்ஸ் 15 பாயிண்டில் தோற்றது. வெளியே வந்தவர்களில் யாரும் தோற்ற முகத்தோடு இல்லை. அப்பாகூட எழுந்திருக்காமல் கடைசிவரை பார்த்தார். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அந்த ராத்திரி பெஞ்சின் இந்தப் பக்கம் கிட் நின்றுகொண்டிருந்தாரே, அவரை நினைத்துப் பார். 1994-இல் டாலஸ் எடுத்த பிள்ளை. 1996 டிசம்பரில் அவரையும் ஃபீனிக்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள். 2008-இல் இன்னொரு டிரேடில் திரும்பி வந்தார், 2011-இல் டர்க்கோடு கோப்பையைத் தூக்கினார், அப்புறம் கோச்சாகவும் வந்தார். அதனால் லூகாவும் ஒருநாள் திரும்பி வருவான் என்று உனக்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். நம்மிடம் ஆடிய ஸ்டீவ் நாஷ் 2004-இல் போனார், போன இடத்தில் இரண்டு வருஷம் தொடர்ந்து லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது வாங்கினார், மேவரிக்ஸுக்கு ஆடத் திரும்பவே இல்லை. இரண்டும் இதே ஊரில்தான் நடந்தன.

நவம்பர் 11-ஆம் தேதி ஹாரிசனை வேலையை விட்டு எடுத்ததும் நீ அனுப்பிய முதல் செய்தி, "சந்தோஷமாம்மா?" என்பது. அதற்கு நான் பதில் போடவில்லை. அன்று காலை செய்தியைப் படித்ததும் நல்லது என்று நினைத்தேன், காபி போட்டேன், அவ்வளவுதான். சந்தோஷம் வரும் என்று நானும்தான் எதிர்பார்த்தேன். ஒன்பது மாதமாக ஊரே கேட்டது கிடைத்துவிட்டது, லூகா இன்னும் லாஸ் ஏஞ்சலஸில்தான் இருக்கிறான். அதைவிட அதற்கு முந்தின ராத்திரி நடந்த ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. மில்வாக்கியோடு ஆட்டம், நாம் இரண்டு பாயிண்டில் தோற்றது. உரிமையாளர் டூமான்ட் பக்கத்தில், லூகாவின் லேக்கர்ஸ் ஜெர்சி போட்ட ஒரு பதினெட்டு வயசுப் பையன் உட்கார்ந்து பேசியிருக்கிறான். முன்பு அவரிடம் கோபமாக நடந்துகொண்டதற்கு அந்தப் பையன் மன்னிப்புக் கேட்டானாம். டிரேடுக்காகத் தானும் வருந்துவதாக அவர் சொன்னாராம். நானாக இருந்தால் இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், அது வேறு. ஆனால் அந்தப் பையனைக் கவனி. மேவரிக்ஸ் மேட்ச்சுக்கு லூகா ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். இரண்டில் ஒன்றை விட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

உனக்கு மட்டும் ஏன் தோன்றுகிறது? டாலஸை விட்டுவிடுவதா, லூகாவை விட்டுவிடுவதா என்று நீ பத்து மாதமாகக் கணக்குப் போட்டு, கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாய். என் கணக்கு சுலபம். அணி டூமான்ட் குடும்பத்தினுடையது, காகிதத்தில். முன்பு க்யூபனுடையது, நாளைக்கு யாருடையதோ. நான் மேவரிக்ஸைப் பார்ப்பது இந்த ஊரில் இருப்பதால். கடையில் பில் போடுகிற பெண்ணிலிருந்து கோயில் பார்க்கிங்கில் வண்டி நிறுத்துகிற மனுஷன் வரை திங்கட்கிழமை என்னிடம் பேசுவது அதைத்தான். அதை ஒரு மேனேஜருக்காக நான் ஏன் விட வேண்டும்? லூகாவை எனக்குப் பிடிப்பது அவன் ஆட்டத்துக்காக. அவன் எந்த நிறத்தில் ஆடினால் என்ன? அவன் 40 அடித்து நாம் ஜெயித்தால் எனக்கு அன்று தீபாவளி.

அக்கா பையனைப் பார்க்க வேண்டும் நீ. பிப்ரவரியில் லூகாவின் 77 ஜெர்சியைக் கழற்றாமல் தூங்கியவன். இப்போது எந்நேரமும் 32, புதிதாக வந்த கூப்பர் ஃபிளாக்குடையது. டிராஃப்ட் குலுக்கலில் வெறும் 1.8 சதவீத வாய்ப்பில் நமக்கு முதல் தேர்வு விழுந்ததே, அது எப்படி என்று ஊரே சந்தேகப்பட்டது. அவனுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. பதினெட்டு வயசுப் பையனைக் கிட் பந்தைக் கொடுத்து, ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்டாக இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்கிறார், தடுமாறுகிறான், ஆனால் பயப்படவில்லை. எனக்கும் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. லூகா இடத்துக்கு வந்தவன் என்று அவனைப் பார்க்காதே, பாவம், அவனும் யாரிடமும் கேட்டு வரவில்லை.

சரி, ஜெர்சி. லேக்கர்ஸ் மஞ்சளை வாங்காதே, அதற்கு இன்னும் எனக்கு மனசு வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நீல நிற 77 உன் அலமாரியில் எங்கேயோ அடியில் இருக்கும். துவைத்து இஸ்திரி போட்டுப் போட்டுக்கொள். அங்கே உன்னை மாதிரி இன்னும் நூறு பேர் அதைத்தான் போட்டுக்கொண்டு வருவார்கள். லூகா அடித்தால் கத்து, கூப்பர் அடித்தாலும் கத்து. பக்கத்தில் இருக்கிறவன் முறைத்தால் முறைக்கட்டும்.

பாதி ஆட்டத்தில் போன் பண்ணாதே, நான் பார்த்துக்கொண்டிருப்பேன். முடிந்ததும் பண்ணு. கிட் லூகாவிடம் போய் என்ன பேசுகிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று கவனித்து வைத்துக்கொள். டீவிக்காரன் அதற்குள் விளம்பரம் போட்டுவிடுவான்.

அன்புடன்,
அம்மா